எண்ணூர் புராஜெக்டும் மூன்று எக்ஸ்டென்ஷன்களும்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு மாலையில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் லேப்டாப்போடு வருவார்கள். அதில் எண்ணூர்ப் பெண் ஒருத்தி, 2023 டிசம்பரில் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதைப் பற்றிப் புராஜெக்ட் செய்துகொண்டிருந்தாள். பிரவுசரில் நாற்பது டேப் இருக்கும். சுருங்கிச் சுருங்கி ஒன்றின் தலைப்பும் தெரியவில்லை. "அண்ணா, மீன் பத்தின அந்தக் கட்டுரை இதுலதான் எங்கயோ இருக்கு" என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். அரை மணி நேரம் அதிலேயே போனது. ஒன்று கண்ணில் பட்டால் அந்த நிமிடமே பிடித்து வைத்துவிட வேண்டும். அன்று அவளுக்குக் காட்டியதையே இங்கே எழுதுகிறேன். பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்னக் கருவிகளான எக்ஸ்டென்ஷன்கள் மூன்று போதும், மூன்றும் இலவசம்.

முதலில் நிறுவிக்கொள்வோம். கணினியில் குரோம் வெப் ஸ்டோரைத் திறந்து, கீழே சொல்லும் எக்ஸ்டென்ஷனின் பெயரைத் தேடுங்கள். வெளியிட்டது யார் என்று பார்த்துவிட்டு 'ஆட் டு குரோம்' அழுத்துங்கள். நீங்கள் திறக்கும் பக்கங்களைப் படிக்க அனுமதி கேட்கும். அதனால்தான் ஊர் பேர் தெரியாதவற்றைப் போடாதீர்கள் என்கிறேன். அப்புறம் மேலே வலது பக்கம் ஜிக்சா துண்டு மாதிரி இருக்கும் சின்னத்தை அழுத்தி, பெயருக்குப் பக்கத்தில் உள்ள குண்டூசியைத் தட்டினால் எக்ஸ்டென்ஷன் எப்போதும் கண்ணெதிரே இருக்கும்.

முதலாவது ஸொட்டேரோ கனெக்டர். மூன்றில் ஒன்றுதான் போடுவேன் என்றால் இதைப் போடுங்கள். கட்டுரை, புத்தக விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஸொட்டேரோ செயலியையும் கணினியில் நிறுவித் திறந்து வைக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைப் பக்கத்தில் நின்று சின்னத்தை ஒரு தட்டு தட்டினால் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் செயலிக்குள் போய்விடும். புத்தகப் பக்கத்தில் அந்தச் சின்னம் புத்தகமாக மாறும். கூகுள் ஸ்காலர் தேடல் பக்கத்தில் ஃபோல்டராகத் தெரியும். அழுத்தினால் பட்டியல் வரும், வேண்டியதை டிக் செய்யலாம். தமிழ்ச் செய்தித் தளங்களில் ஆசிரியர் பெயர் சில சமயம் விடுபடும். அதை அப்போதே கையால் நிரப்பிவிடுங்கள், பிறகு செய்யலாம் என்று விட்டால் நடக்காது. எழுதும்போது வேர்டில் ஸொட்டேரோ என்ற டேபுக்குப் போனால், மேற்கோள் குறிப்பும் கடைசிப் பக்க நூற்பட்டியலும் அதுவே போட்டுத் தரும்.

அடுத்தது அன்பேவால். காசு கட்டினால்தான் படிக்கலாம் என்று கட்டுரை மூடியிருக்கிறதா? திரையின் வலது ஓரத்தில் பச்சைப் பூட்டு வந்தால், சட்டப்படி இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் பிரதி ஒன்று இருக்கிறது. தட்டுங்கள், திறக்கும். சாம்பல் நிறமென்றால் கிடைக்கவில்லை.

மூன்றாவது வேபேக் மெஷின், இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் எக்ஸ்டென்ஷன். நான் படித்த காலத்தில், நான் மேற்கோள் காட்டிய ஒரு தளத்தின் பக்கம் சமர்ப்பிப்பதற்கு முதல் நாள் காணாமல் போனது. கைடு கேட்டபோது காட்ட ஒன்றுமில்லை. 'சேவ் பேஜ் நவ்' அழுத்தியிருந்தால் தேதியோடு ஒரு பிரதி நின்றிருக்கும். செய்திப் பக்கங்களுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள், கிடைக்கும் முகவரியை ஸொட்டேரோ பதிவிலேயே ஒட்டிவிடுங்கள்.

எல்லாம் முடித்த பிறகு அந்தப் பெண், "எங்கப்பா வலையெல்லாம் எண்ணெய் ஒட்டிக்கிச்சுன்னு சொன்னாரே, அதை எப்படிப் போடுறது?" என்று கேட்டாள். ஸொட்டேரோவில் புதிய பதிவு தொடங்கி, வகையில் 'இன்டர்வியூ' தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அப்பாவின் பெயரையும் அவர் சொன்ன தேதியையும் அவளே தட்டச்சு செய்தாள்.