விட முடியாத உடற்பயிற்சி: அடையாளம் காண்பதில் நேரும் தவறுகள்

ஒருவர் உடற்பயிற்சிக்கு அடிமையாகிவிட்டாரோ என்ற சந்தேகம் எழுந்தால், தினமும் எத்தனை மணி நேரம் செய்கிறார் என்றுதான் பெரும்பாலானோர் முதலில் கேட்கிறார்கள். முதல் தவறு அங்கேயே நேர்ந்துவிடுகிறது. மாரத்தானுக்குத் தயாராகும் ஒருவர் இரண்டு மணி நேரம் ஓடினாலும், பயிற்சியாளர் ஓய்வெடுக்கச் சொன்ன நாளில் நிம்மதியாகத் தூங்குவார். நாற்பது நிமிடம் மட்டுமே நடக்கும் இன்னொருவரோ, அது தவறிப்போன நாளில் யாரிடமும் முகங்கொடுத்துப் பேசாமல், சாப்பிட்ட ஒவ்வொரு கவளத்துக்கும் குற்ற உணர்வில் தவிப்பார். நாம் கவலைப்பட வேண்டியது இரண்டாமவரைப் பற்றியே. பயிற்சியை நிறுத்தினால் தூக்கம் எப்படி மாறுகிறது என்று 1970-இல் ஆராய முனைந்த ஆய்வாளர் ஃப்ரெடரிக் பேக்லாண்ட், அன்றாடம் பயிற்சி செய்வோரைப் பணம் தருவதாகச் சொல்லியும் ஒரு மாதம் நிறுத்தச் சம்மதிக்க வைக்க முடியாமல், வாரத்தில் மூன்று நான்கு நாள் செய்வோரை வைத்தே ஆய்வை நடத்த நேர்ந்தது.

இந்தப் பிடிவாதத்தை ஒழுக்கமாகக் கருதிப் பாராட்டுவது அடுத்த தவறு. காய்ச்சலில் படுத்திருப்பவர், கைக்கடிகாரம் 9,200 காலடிகளையே காட்டுகிறது என்பதற்காக இரவு பதினொன்றரை மணிக்கு எழுந்து, ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையே சுவரைப் பிடித்தபடி நடந்து 10,000-ஐ நிறைவு செய்கிறார் என்றால், அதை விடாமுயற்சி என்று வீட்டார் மெச்சிக்கொள்வது அவருக்குச் செய்யும் கெடுதல். அந்த 10,000 மருத்துவர்கள் வகுத்த வரம்பும் அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடி எண்ணும் கருவி ஒன்றின் மூலம் பரவிய எண் அது.

ஆள் மெலிந்திருந்தால்தான் ஆபத்து என்று நினைப்பதும் சரியல்ல. சராசரி எடையுள்ளவர்களுக்கும், தசையைப் பெருக்க ஜிம்மே கதியென்று கிடக்கும் ஆண்களுக்கும் இது வருகிறது. 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இதைத் தனி நோயாகப் பட்டியலிடவில்லை என்பதால் அலட்சியம் கொள்ளவும் கூடாது; வயிறு முட்ட உண்டுவிட்டு அதை ஈடுகட்ட முயலும் புலிமியா நோயின் அறிகுறிகளில் அளவுமீறிய உடற்பயிற்சியை அதே கையேடு சேர்த்திருக்கிறது. உணவோடு ஒருவருக்குள்ள உறவை விசாரிக்காமல் பயிற்சியை மட்டும் பார்த்தால் பாதி நோய் கண்ணில் படாமல் போய்விடும்.

உடல் தரும் எச்சரிக்கைகளைத் தவறாகப் படிப்பதுதான் எல்லாவற்றிலும் அபாயகரமானது. உண்ணும் உணவின் ஆற்றல் பயிற்சிக்கே செலவாகிவிட்டால், உடல் மற்ற வேலைகளைக் குறைத்துக்கொள்ளத் தொடங்குகிறது: மாதவிடாய் நின்றுபோகிறது, ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மை ஹார்மோன் குறைகிறது, எலும்பு வலுவிழந்து முழங்காலுக்குக் கீழும் பாதத்திலும் மயிரிழை முறிவுகள் தோன்றுகின்றன. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இந்த ஆற்றல் பற்றாக்குறையைப் பற்றி விளையாட்டு உலகத்தை எச்சரித்தது. கடுமையாகப் பயிற்சி செய்தால் மாதவிடாய் நிற்பது சகஜம் என்று பல பெண்களுக்குச் சொல்லப்படுகிறது. அது சகஜமல்ல, மூன்று மாதம் வரவில்லையென்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நாடித்துடிப்பு மிகவும் குறைந்திருப்பதையும் வீரர்களுக்குரிய இதயம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளாமல், மயக்கமோ படபடப்போ சேர்ந்திருந்தால் உடனே ஈசிஜி எடுத்து, ரத்தத்தில் பொட்டாசியம் அளவையும் பார்த்துவிட வேண்டும்.

குடும்பத்தினர் பதறிப்போய் ஷூவை ஒளித்துவைப்பதும், ஜிம்முக்குப் பணம் கட்டாமல் நிறுத்துவதும் பயன் தருவதில்லை. பயிற்சி குளியலறைக் கதவுக்குப் பின்னால் தோப்புக்கரணமாகத் தொடரும். உடல் இளைத்ததையோ பூசினாற்போல் ஆனதையோ பற்றிப் பேசாமல், "கால் வலியோட ஓடப் போறதைப் பார்த்தேன், நாளைக்குப் போகலைன்னா உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டு, பதிலை இடைமறிக்காமல் கேளுங்கள். மருத்துவரிடம் போகும்போது எலும்பு முறிவை மட்டும் சொல்லாமல், பயிற்சியை விட முடியாமல் தவிப்பதையும் சேர்த்துச் சொல்வது அவசியம், ஏனென்றால் நாமாகச் சொல்லாத வரையில் மருத்துவர் உடற்பயிற்சியைச் சந்தேகிக்காமல் போகலாம். பயிற்சியைத் தூண்டும் எண்ணங்களையும் அச்சங்களையும் எடுத்துப் பேசும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பலருக்கு உதவுகிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-இல் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.