பிபிடி போட்டும் ஏன் யாரும் அசையவில்லை?

"நீ பேச வேண்டும், கூடவே ஒரு பிபிடியும் (பவர்பாயிண்ட் ஸ்லைடுகள்) வேண்டும்" என்று யாராவது சொன்னால் நம் கை முதலில் போவது லேப்டாப்புக்குத்தான். நீல நிறத்தில் ஒரு டெம்ப்ளேட்டைப் பிடித்து, தலைப்பு, பெயர், லோகோ என்று முதல் ஸ்லைடைப் போட்டதும் பாதி வேலை முடிந்த திருப்தி வந்துவிடும். கோளாறு அங்கேயே தொடங்குகிறது. யார் முன்னால் பேசப்போகிறோம், பேச்சைக் கேட்டபிறகு அவர் என்ன செய்ய வேண்டும், இத்தனை நாளாக அதை ஏன் செய்யாமல் இருக்கிறார் என்ற மூன்றுக்கும் ஒரு தாளில் பதில் எழுதிக்கொள்ளாமல் ஸ்லைடு செய்ய உட்கார்ந்தால் கிடைப்பது வெறும் தகவல் குவியல்தான்.

உதாரணத்துக்கு, உங்கள் ஊர் ஏரிக்கரையில் குப்பை கொட்டுகிறார்கள், அதை நிறுத்தச் சொல்லிக் கிராம சபையில் பேசப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "ஏரிகளின் முக்கியத்துவம்" என்று ஆரம்பித்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஏரி முக்கியமில்லை என்று அங்கே யார் சொல்லப்போகிறார்கள்? தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள், மறுநாள் காலையில் அதே டிராக்டர் அதே கரையில் குப்பையைக் கவிழ்க்கும். "குப்பையைத் தரம் பிரிக்கக் களத்துமேட்டுப் புறம்போக்கை ஒதுக்க வேண்டும், அடுத்த மாதத்திலிருந்து டிராக்டர் அங்கேதான் போக வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். உடனே ஆளுக்கொரு பேச்சு கிளம்பும். களத்துமேட்டுக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர் எழுந்து நிற்பார், நாற்றம் அடிக்கும் என்பார். இப்போதுதான் படத்துக்கு வேலையே வருகிறது: அந்த இடத்துக்கும் வீடுகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று காட்டும் ஒரு வரைபடம், பக்கத்து ஊரில் இதே மாதிரி இயங்கும் கூடத்தின் ஒரு போட்டோ. ஏரியில் சூரியன் மறைகிற அழகான படம் அங்கே எதற்கும் உதவாது.

நான் சொல்ல வருவது இதுதான். உங்கள் பேச்சில் எந்த ஒரு வாக்கியத்தை எதிரே இருப்பவர் நம்ப மறுக்கிறாரோ, படம் அந்த வாக்கியத்துக்குத்தான் வர வேண்டும். ஏற்கெனவே ஒத்துக்கொண்ட விஷயங்களுக்கெல்லாம் படம் போட்டுவிட்டு, அந்த ஒரு இடத்தை மட்டும் வாய்வார்த்தையில் கடந்துபோவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு.

ஆதாரம் கையில் இருந்தும் காட்டாமல் விட்டது

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலையில் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்ப வேண்டும். புளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான குளிர், இரவில் உறைநிலைக்கும் கீழே போகும் என்று வானிலைக் கணிப்பு. விண்ணோடத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகளைச் செய்து கொடுத்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்களுக்குப் பயம். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கிற ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிப்போகும், சூடான வாயு கசியும் என்பது அவர்கள் வாதம். 13 தாள்களை அவசரமாகத் தயார் செய்து, சில கையெழுத்திலேயே, ஃபேக்ஸில் நாசாவுக்கு அனுப்பி, தொலைபேசிக் கூட்டத்தில் பேசினார்கள். இணைப்பின் வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஏவக்கூடாது என்பதுதான் கோரிக்கை.

கோரிக்கை தெளிவாகவே இருந்தது. படம்தான் காலை வாரியது. முந்தைய பயணங்களில் வளையங்களுக்கு ஏற்பட்ட சேதம் ஒரு தாளில், வெப்பநிலை இன்னொரு தாளில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த தாள் ஒன்றுகூட இல்லை. வெப்பநிலைத் தாளில் இருந்தவற்றிலும் பாதிக்கு மேல் தரையில் எரித்துப் பார்த்த சோதனை மோட்டார்கள். உண்மையில் பறந்தவை இரண்டே இரண்டு, ஒன்று 12 டிகிரியில், மற்றது 24 டிகிரியில். இரண்டிலுமே வாயு கசிந்திருந்தது! எதிர்ப்பக்கம் இருப்பவர் என்ன கேட்பார்? "வெயிலிலும் கசிகிறது, குளிரிலும் கசிகிறது, அப்புறம் குளிர்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" இந்தக் கேள்விக்கு அன்றைக்கு அவர்களிடம் தாள் இல்லை. நிறுவனத்தின் மேலாளர்கள் தனியாக அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து, ஏவலாம் என்று முடிவை மாற்றிச் சொன்னார்கள். மறுநாள் கிளம்பிய 73-வது நொடியில் விண்ணோடம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள்.

பிறகு விசாரணைக் குழு செய்த வேலை சின்னதுதான். சேதம் ஆன பயணங்களோடு, சேதம் ஆகாத பயணங்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தார்கள். 19 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் 3-ல்தான் வளையங்கள் பாதிக்கப்பட்டிருந்தன. 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த 4 பயணங்களில் நான்கிலுமே பாதிப்பு. இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள ராக்கெட் அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. நாம் எல்லோரும் செய்வது போலவே கெட்டது நடந்த கதைகளை மட்டும் எடுத்து அடுக்கி வைத்ததால், நல்லபடியாகப் போன பயணங்கள் சொல்லியிருக்கக்கூடிய சாட்சி வெளியே நின்றுவிட்டது. ஒப்பிட ஆள் இல்லாமல் ஒரு எண்ணுக்கு அர்த்தம் வராது.

பழியைப் பொறியாளர்கள் தலையில் போடுவது நியாயமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு இருந்தது சில மணி நேரம், முடிவெடுக்கும் அதிகாரமும் அவர்களிடம் இல்லை. சரியான வரைபடம் இருந்திருந்தால் மேலே இருப்பவர்கள் கேட்டிருப்பார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் தட்டிக்கழிக்க அவ்வளவு சுலபமாக ஒரு காரணம் கிடைத்திருக்காது.

ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர்

அதே விசாரணையில் பிப்ரவரி 11 அன்று நடந்தது இதற்கு நேர் எதிர். குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ரப்பரின் ஒரு துண்டை இரும்புக்கடையில் வாங்கிய சின்ன கிளாம்பில் இறுக்கி, ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே எடுத்துக் கிளாம்பைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. டிவி கேமராக்களுக்கு முன்னாலேயே நடந்தது. குளிரில் ரப்பர் துள்ளாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமாக ஒரு நிரூபணம் காட்ட முடியாது.

பலர் இதைக் கேட்டுவிட்டு "நானும் மேடையில் ஏதாவது ஒரு வித்தை காட்டுகிறேன்" என்று கிளம்பிவிடுகிறார்கள். அவர் பின்னணியில் செய்த வேலையைப் பார்ப்பதில்லை. காலையிலேயே தனியாக ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் வந்தார். கூட்டத்தில் அவர் மேஜையில் ஐஸ் தண்ணீர் இல்லை, கேட்டு வாங்க வேண்டியிருந்தது. தண்ணீர் வந்ததும் அவர் மைக் பொத்தானை அழுத்தப்போக, பக்கத்தில் இருந்த இன்னொரு குழு உறுப்பினர் ஜெனரல் குடைனா "இப்போது வேண்டாம்" என்று நிறுத்தி, பேச்சு அந்த இணைப்பைப் பற்றிய படத்துக்கு வரும்வரை காத்திருக்க வைத்தார். பொருளைக் கொண்டுவருவது போலவே, எந்த வாக்கியத்துக்கு அடுத்து அதை எடுப்பது என்பதும் முக்கியம். பேச்சின் ஆரம்பத்திலேயே மாதிரிப் பொருளை மேஜையில் பரப்பி வைத்துவிட்டால் ஜனம் அதைப் பார்த்துக்கொண்டிருக்குமே தவிர உங்களைக் கேட்காது. கையேடும் அப்படித்தான்: பேசும்போதே நோட்டீஸை வரிசையாகக் கொடுத்தால் அத்தனை தலையும் குனிந்துவிடும். முடிந்தபிறகு கொடுங்கள்.

தலைப்பு ஒன்று, உள்ளே வேறொன்று

கொலம்பியா விண்ணோடம் 2003-ல் உடைந்து மீண்டும் ஏழு பேர் இறந்தபோது, விசாரணைக் குழு தன் அறிக்கையில் ஒரு பவர்பாயிண்ட் ஸ்லைடைத் தனியாக எடுத்துப் பேசியது. கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்து இறக்கையில் மோதிய நுரைத் துண்டைப் பற்றிய ஸ்லைடு அது. மேலே இருந்த தலைப்பு கவலைப்பட வேண்டாம் என்கிற தொனியில் இருந்தது. கீழே, உள்ளுக்குள் உள்ளாகப் போன துணைப்புள்ளிகளின் கடைசியில்தான் முக்கிய விஷயம்: சோதனைகளில் பயன்படுத்திய நுரையைவிட நிஜத்தில் மோதியது பல நூறு மடங்கு பெரியது. தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கு நிம்மதி. நம் ஸ்லைடுகளில் "விற்பனை விவரம் 2024" என்றோ "தற்போதைய நிலை" என்றோ தலைப்பு போடுகிறோமே, அதுவும் இந்த வகைதான். தலைப்பில் முடிவை எழுதுங்கள். "மழைக்காலத்தில் மட்டும் விற்பனை பாதியாகிறது" என்று ஒரு முழு வாக்கியம். முடிவை ஒரே வாக்கியத்தில் எழுத வரவில்லை என்றால் அந்த ஸ்லைடு எதற்கு?

வரைபடத்தில் பார்ப்பவரை ஏமாற்றும் பழக்கமும் நிறைய இருக்கிறது. பட்டை வரைபடத்தின் அச்சைப் பூஜ்ஜியத்தில் தொடங்காமல் 90-ல் தொடங்கி, 92-க்கும் 96-க்கும் மலை அளவு வித்தியாசம் காட்டுவது. முப்பரிமாண வட்டத்தில் முன்னால் இருக்கும் துண்டு மட்டும் பெரிதாகத் தெரிவது. சிவப்பும் பச்சையும் மட்டும் வைத்துப் பிரிப்பது, அந்த இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிற கண்கள் எந்தக் கூட்டத்திலும் இருக்கும் என்பதை மறப்பது. கூட்டத்தில் கணக்குத் தெரிந்த ஒருவர் அச்சைக் கவனித்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற நிஜமும் எடுபடாது.

நம்பகத்தன்மை போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே 2003 பிப்ரவரியில் இன்னொரு பேச்சு. அமெரிக்க வெளியுறவுத் துறைச் செயலர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் செயற்கைக்கோள் படங்கள், நடமாடும் ஆய்வகங்களின் ஓவியங்கள் எல்லாம் காட்டி, கையில் ஒரு சின்னக் குப்பியையும் தூக்கிப் பிடித்து, ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று வாதாடினார். வடிவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் சொன்ன ஆயுதக் கிடங்குகள் எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பேச்சு தன் பெயருக்குக் கறை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். ஓவியம் என்பது ஓவியர் கற்பனை செய்தது, போட்டோ என்பது அங்கே இருந்தது. இரண்டையும் ஒரே வரிசையில் காட்டும்போது பார்ப்பவர் மனதில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. உங்கள் ஸ்லைடில் ஏஐ வரைந்த படம் இருந்தால், அது வரைந்த படம் என்று அங்கேயே எழுதிவிடுங்கள்.

மேடை ஏறியபிறகு

இனி சில்லறைத் தவறுகள். சில்லறை என்றாலும் பேச்சைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இவைதான்.

தமிழில் ஸ்லைடு செய்பவர்களுக்கென்றே ஒரு கண்டம் இருக்கிறது: எழுத்துரு. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்துவிட்டு, மண்டபத்தில் இருக்கும் வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் ஓடும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், கூடவே ஒரு பி.டி.எஃப். பிரதி பென்டிரைவில் இருக்கட்டும். உங்கள் லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. துளை மட்டும் இருக்கும், அங்கே பழைய வி.ஜி.ஏ. வயர் தொங்கும், அடாப்டர் பையில் இருந்தால் நல்லது. யூடியூப் வீடியோவை நெட்டை நம்பி வைக்காதீர்கள், முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஜன்னல் திறந்த கூடத்தில் புரொஜெக்டர் வெளிறித்தான் தெரியும். கிராம சபை மாதிரி வெளிச்சத்தில் நடக்கிற கூட்டத்துக்குப் பெரிய பிரின்ட் எடுத்து அட்டையில் ஒட்டிக்கொண்டு போவதே மேல். கரண்ட் போனாலும் கவலையில்லை.

எழுத்து அளவுக்கு எண் எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம். கூட்டத்துக்கு முன்னால் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள், கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் பெரிதாக்குங்கள். ஸ்லைடைப் பார்த்து வாசிப்பதைப் பற்றி எல்லோரும் சொல்லியாகிவிட்டது, ஆனாலும் நிற்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு திரையோடு பேசுகிறவர், தனக்கு விஷயம் தெரியாது என்று ஊருக்கே அறிவிக்கிறார், அவ்வளவுதான். திரையில் படம் தேவையில்லாத இடத்தில் கீபோர்டில் ஆங்கில 'B' எழுத்தை அழுத்தினால் பவர்பாயிண்ட்டில் திரை கறுப்பாகிவிடும், மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். அந்தக் கறுப்பில் எல்லாக் கண்ணும் உங்கள் பக்கம் வரும்.

அப்புறம் நேரம். பத்து நிமிடம் கொடுத்தால் அதில் மூன்று நிமிடம் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் அவர்களே, எனக்கு முன்னால் பேசிச் சென்ற அவர்களே என்று விளிப்பதிலேயே கரைகிறது. அவைக்கு வணக்கம் என்று ஒரே வரியில் முடித்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது மனதுக்குள் ஓட்டிப் பார்க்காமல் வாய்விட்டு, எழுந்து நின்று, ஸ்லைடையும் மாற்றிக்கொண்டே பேசிப் பாருங்கள். மனதுக்குள் ஆறு நிமிடம் ஆன பேச்சு மேடையில் பத்தைத் தாண்டும்.

எதிர்ப்பை மறைத்து வைப்பதும் வீண்தான். செலவு அதிகம் என்று கேட்பார்கள் என்று தெரிந்தால், கேட்பதற்கு முன்னால் நீங்களே செலவுத் தொகையைத் திரையில் போடுங்கள், இப்போது ஆகிற செலவையும் பக்கத்திலேயே போடுங்கள். அவர் வாயிலிருந்து வந்தால் அது குற்றச்சாட்டு. நீங்களே சொன்னால் கணக்கு.

கடைசி ஸ்லைடைப் பற்றி ஒரு வார்த்தை. ரோஜாப்பூவோடு "நன்றி" என்று போடுகிறோமே, அதை எடுத்துவிடுங்கள். கேள்வி பதில் நடக்கும் நேரம் முழுக்க திரையில் நிற்பது அந்த ஸ்லைடுதான், பேச்சிலேயே அதிக நேரம் கண்ணில் படுவதும் அதுதான். அந்த இடத்தில் உங்கள் கோரிக்கை இருக்கட்டும். கிராம சபை என்றால் தீர்மானத்தின் வாசகத்தையே அட்டையில் எழுதி வைத்துவிடுங்கள், இடம், தேதி, பொறுப்பாளர் எல்லாம் சேர்த்து. ஊராட்சி செயலர் அதைப் பார்த்து அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொள்ளட்டும்.