ஜப்பானிய மொழியில் 'செய்தே ஆகணும்' என்பதைச் சொல்வது எப்படி?

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லித் தருகிறேன். எல்லாரும் திணறுகிற இடம், 'செய்தே ஆகணும்' என்று சொல்ல வினையோடு சேர்க்கும் 'கெரெபா நரனை'. நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அப்பத்தா சொல்வார்: "பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்காவிட்டால் ஆகாது." (இழை எடுப்பது அந்த நோன்பின் சடங்கு.) அதேதான் இது! 'நரு' என்றால் ஆகு. 'நரனை' என்றால் ஆகாது. எனக்கு இந்த ஒற்றுமை மேல் தீராத பிரியம்.

முதலில் எதிர்மறை வடிவம் வேண்டும். 'தபெரு' சாப்பிடு, 'தபெனை' சாப்பிடாது. கடைசி 'னை'யை 'ன' ஆக்கி, 'கெரெபா நரனை' சேருங்கள்: தபெனகெரெபா நரனை, 'சாப்பிடாவிட்டால் ஆகாது', அதாவது சாப்பிட்டே ஆகணும். 'நொமு' (குடி) என்பது 'நொமனை' ஆகி, நொமனகெரெபா நரனை. 'சுரு' (செய்) மட்டும் 'ஷினை' ஆகும், 'குரு' (வா) 'கொனை' ஆகும். இரண்டையும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

'நரனை'க்குப் பதில் 'இகெனை' போட்டால் பேச்சுக்கு இன்னும் இயல்பு. முறை, சட்டம், ஊர்க் கட்டுப்பாடு என்றால் 'நரனை'தான் பொருத்தம். நண்பர்களிடம் 'தபெனக்யா' போதும், மீதியை விழுங்கிவிடலாம்.

அப்புறம், கட்டாயம் இல்லை என்பதற்கு: தபெனகுதெமோ ஈ. அதாவது, சாப்பிடாவிட்டாலும் சரி.