காரின் பெயரைச் சொல்லி பெல்ட் வாங்காதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் கார் பட்டறைக்கு வருகிறவர்கள், "அண்ணே, வாஜாவுக்கு டைமிங் பெல்ட் எவ்வளவு?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வாஜா என்பது புரோட்டான் கார்; டைமிங் பெல்ட், இஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் இயங்க வைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை. எந்த வாஜா என்று கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். வாஜான்னா வாஜாதானே?

அப்படி இல்லை. 2000-இல் வந்த 1.6 வாஜாவில் மிட்சுபிஷியின் 4ஜி18 இஞ்சின். 1.8 வாஜாவில் ரெனோவின் எஃப்4பி. 2006-இல் வந்த 1.6-இல், புரோட்டான் லோட்டஸோடு சேர்ந்து செய்த கேம்ப்ரோ இஞ்சின். பெயர் ஒன்று, பெல்ட் மூன்று.

அதனால் முதலில் கிராண்டை, அதாவது காரின் பதிவுச் சான்றை எடுத்து இஞ்சின் நம்பரைப் பாருங்கள். அதோடு விடாமல், பெட்ரோல் நனைத்த துணியால் இஞ்சின் பிளாக்கைத் துடைத்து, டார்ச் அடித்து, பொறித்திருக்கும் எண்ணையும் ஒத்துப் பாருங்கள். பழைய புரோட்டானில், ஜப்பானில் ஓடிய காரை வெட்டி அனுப்பும் பாதி உடலிலிருந்து (ஹாஃப் கட்) எடுத்த இஞ்சின் ஏறியிருப்பது சாதாரணம். எண் மாறியிருந்தால் பெல்ட் அப்புறம், முதலில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) வேலையை முடியுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 2006-இல் பதிந்த ஒரு வாஜா வந்தது. வருடத்தை மட்டும் பார்த்துவிட்டு கேம்ப்ரோ பெல்ட் வாங்கி வந்தேன். கவரைக் கழற்றினால் உள்ளே 4ஜி18! வேலைக்கு அரைநாள் லீவு போட்டு வந்திருந்த மனிதரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, நான் மறுபடியும் கடைக்கு ஓடினேன்.

4ஜி18 மாதிரியான இஞ்சின் குறியீடு தெரிந்துவிட்டால் காரின் பங்காளிகளைக் கண்டுபிடிக்கலாம். 1985-இல் வந்த முதல் புரோட்டான் சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே வழி வந்தது. 1993-இல் வந்த வீராவும் லான்சர் வம்சம்தான். 2005-இல் வந்த முதல் பெரோடுவா மைவியின் ஜப்பான் உறவு டைஹாட்சு பூன், டொயோட்டா பாசோ. மைவி 1.3-இல் உள்ள அதே கே3-விஇ இஞ்சின், முதல் டொயோட்டா அவான்சா 1.3-இலும் உண்டு. கடையில் மைவி சாமான் இல்லையென்றால் அவான்சா சாமானைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. அவான்சாவில் இஞ்சின் நீளவாட்டில் உட்கார்ந்து பின்சக்கரத்தைச் சுற்றும். மைவியில் குறுக்குவாட்டில், முன்சக்கரம். இஞ்சினின் உள் சாமான்கள் ஒத்துப்போக வாய்ப்பு உண்டு. வெளியே மவுண்டிங், தண்ணீர்க் குழாய் எல்லாம் வேறு கதை.

புரோட்டான் எக்ஸ்70-க்கு இன்னொரு சிக்கல். அதன் மூலம் சீனாவின் ஜீலி போயுவே. ஜப்பானிலும் நம்மூர் போலவே ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால் அங்கிருந்து வரும் ஹாஃப் கட்டில் டேஷ்போர்டுகூடக் கழற்றி மாட்டலாம். சீனாவில் ஸ்டீயரிங் இடப்பக்கம். அங்கிருந்து "மலிவு" என்று ஆன்லைனில் வரும் டேஷ்போர்டு, ஸ்டீயரிங் ரேக், வைப்பர் பக்கமெல்லாம் போகாதீர்கள்.

கவுண்டரில் தவுக்கே (கடை முதலாளி) "சேம் சேம்" என்றாலும் காசை உடனே நீட்டாதீர்கள். பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள். புதியதையும் அப்படியே. எண்ணிக்கை சரியாக இருந்தால், பல்லோடு பல்லைப் பொருத்தி அழுத்துங்கள். இடைவெளி தெரிந்தால் பல்லின் வடிவம் வேறு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் எண்ணுவதைப் பார்த்து தவுக்கே இன்றும் சிரிப்பார்.