அக்கவுண்ட்ஸ் வேலைக்கு முதல் ரெஸ்யூமே எழுதுவது எப்படி?

பி.காம். முடித்து அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலை தேடுபவருக்கு ஒரு ஏ4 பக்கம் போதும். அதன் மேல் பாதியிலேயே டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), ஜிஎஸ்டி, எக்செல் மூன்றும் கண்ணில் பட வேண்டும். பலருடைய ரெஸ்யூமேயில் அந்த இடத்தை 'கெரியர் அப்ஜெக்டிவ்' அடைத்துக்கொள்கிறது. "நல்ல நிறுவனத்தில் சேர்ந்து திறமையை வளர்க்க விரும்புகிறேன்" என்பதால் ஆள் எடுப்பவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. எடுத்துவிடுங்கள்.

முதலில் பெயர், மொபைல் எண், இமெயில், ஊர். அப்பா பெயர், மதம், சாதி வேண்டாம். ஆதார் எண்ணைப் போடவே கூடாது; ரெஸ்யூமே யார் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

அடுத்து, செய்த வேலை. "டேலி தெரியும்" என்று நிறுத்தாதீர்கள். ஆடிட்டர் ஆபீஸில் பயிற்சி எடுத்திருந்தால் இப்படி எழுதலாம்: "மாதம் சுமார் 150 பர்ச்சேஸ் பில்களை டேலி பிரைமில் பதிவு செய்தேன், ஜிஎஸ்டிஆர்-2பி-யுடன் ஒப்பிட்டு, விடுபட்ட பில்களைப் பட்டியலிட்டேன்." (ஜிஎஸ்டிஆர்-2பி என்பது, விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்.) ஆங்கிலத்தில் எழுதும்போது 'நான்' இல்லாமல் வினைச்சொல்லிலேயே வரியைத் தொடங்குங்கள். எண்ணிக்கை உங்களுடைய உண்மையான எண்ணிக்கையாக இருக்கட்டும். இன்டர்வியூவில் வெளிமாநில பில் ஒன்றைக் கொடுத்து என்ட்ரி போடச் சொன்னால், ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் விற்பனைக்கான ஜிஎஸ்டி) என்று தயங்காமல் சொல்ல வேண்டும். கேட்டால் செய்துகாட்ட முடியாத எதையும் எழுத வேண்டாம். எக்செல் என்றால் விலுக்அப், பிவட் டேபிள் என்று தெரிந்ததைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

பயிற்சியே இல்லையா? கல்லூரி புராஜெக்ட்டையோ கடை ஒன்றுக்குக் கணக்கு எழுதியதையோ இதே முறையில் எழுதலாம்.

படிப்புக்கு மூன்று வரி: பட்டம், பன்னிரண்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு. அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். சான்றிதழ் சரிபார்க்கும்போது தெரிந்துவிடும்.

வடிவமைப்பில்தான் பல நல்ல ரெஸ்யூமேகள் வீணாகின்றன. வேலைவாய்ப்புத் தளங்களின் மென்பொருள் எழுத்துகளைத்தான் படிக்கிறது. பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்த டெம்ப்ளேட், டேபிள், திறமையை நட்சத்திரத்தில் காட்டுவது எல்லாம் அதைக் குழப்பக்கூடும். கேலிப்ரி 11, சுற்றிலும் 2 செ.மீ. மார்ஜின், நெடுக்காகப் பிரிக்காத பக்கம் என வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் ஆக்கியதும் முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறினாலோ எழுத்தே வராவிட்டாலோ மென்பொருளுக்கும் அதே சிக்கல் வரலாம். போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கினால் அதில் இருப்பது வெறும் படம்தான்.

கோப்புக்கு உங்கள் பெயரையும் பதவியையும் வையுங்கள். 'ரெஸ்யூமே ஃபைனல் 3' என்று வந்தால் யாருடையது என்று தேட வேண்டியிருக்கும். மெயிலின் சப்ஜெக்டிலும் அதே பெயர், அதே பதவி. மெயிலுக்குள், எப்போது வேலையில் சேர முடியும் என்பதையும் சேர்த்து மூன்று வரி எழுதி அனுப்புங்கள்.