சுய சான்று முறையில் வீட்டுக்குக் கட்டட அனுமதி பெறுவது எப்படி?

தமிழ்நாட்டில் சிறிய வீடு கட்டுவோருக்கு 2024 ஜூலையில் நல்ல வழி ஒன்று திறந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது முதல் தளம் வரை என்றால், அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் சுய சான்று அளித்து, அதாவது விவரங்கள் சரியென்று நாமே உறுதியளித்து, உடனே அனுமதி பெறலாம். முன்கூட்டியே யாரும் வந்து மனையைப் பார்ப்பதில்லை. அதனாலேயே, முன்பு அதிகாரி செய்த சரிபார்ப்பை இப்போது நாம்தான் செய்தாக வேண்டும். தவறான விவரம் தந்து பெற்ற அனுமதி ரத்தாகும்.

முதலில் மனை. அது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் இருக்கிறதா, இல்லையென்றால் வரன்முறை செய்யப்பட்டதா (அங்கீகாரமற்ற மனையாக இருந்து பின்னர் அரசு முறைப்படுத்தியதா) என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20-ஆம் தேதி வரை பதிவான மனைகளுக்குத்தான் 2017-இல் வந்த வரன்முறை விதிகள் வாய்ப்பளித்தன. இது தெளிவாகும்வரை மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து ஆவணங்கள்: கிரயப் பத்திரம், உங்கள் பெயரில் பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் (நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் நில அளவை வரைபடம்). இவற்றைச் சேர்த்து வைத்தால் மட்டும் போதாது. நாடாவை எடுத்துக்கொண்டு மனைக்குப் போய் நான்கு பக்கமும் அளந்து, பத்திரத்திலும் பட்டாவிலும் உள்ள அளவுகளோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் நில அளவரை வைத்து எல்லையை உறுதிசெய்த பிறகே வரைபடம் போடச் சொல்லுங்கள்.

வரைபடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வீட்டைச் சுற்றித் திறந்த இடைவெளி விட வேண்டும். முன்பக்க இடைவெளியைச் சாலையின் அகலம் தீர்மானிக்கிறது; பக்கவாட்டு இடைவெளிக்கு மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பார்ப்பார்கள். அதனால் சாலையையும் அளந்து பொறியாளரிடம் சொல்லுங்கள். இடைவெளியை உங்கள் மனையின் எல்லையிலிருந்து உள்நோக்கிக் கணக்கிட வேண்டும். வாசலில் ஓடும் கால்வாய் அதில் சேராது. மாடிப்படிக்கும் வெளிக் கழிப்பறைக்கும் இடம் போதாமல்தான் பக்கவாட்டு இடைவெளி பெரும்பாலும் காணாமல் போகிறது. அவற்றுக்குத் தொடக்கத்திலேயே இடம் ஒதுக்கிவிடுங்கள். காற்றும் வெளிச்சமும் வருவதும், தீப்பிடித்தால் ஆள் ஓடி வருவதும் அந்தச் சந்து வழியாகத்தான். அதை வீணான இடமாக நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். அதற்கான குழியையும் வரைபடத்தில் காட்டுங்கள்.

விண்ணப்பிப்பது எளிது. இணையதளத்தில் பதிவுசெய்து, விவரங்களை நிரப்பி, ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றிக் கட்டணம் செலுத்தினால் அனுமதி ஆணையைப் பதிவிறக்கலாம். கட்டணம் உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும்.

ஆணையும் வரைபடமும் கைக்கு வந்ததும் ஒரு பிரதியை மேஸ்திரியிடம் கொடுங்கள். கடைக்காலுக்குக் கயிறு கட்டும் நாளில் கட்டாயம் உடனிருந்து, ஒவ்வொரு பக்க இடைவெளியையும் வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து பாருங்கள். ஓர் அடி குறைந்திருந்தால் அன்றைக்குக் கயிற்றை நகர்த்தினால் போதும். தூண் எழும்பிய பிறகு இடிக்க வேண்டியிருக்கும்.