ஐந்தரைக்குக் கயிறு கட்டிவிடுவார்கள்: தர்மபுரியிலிருந்து ஆலப்புழா படகு வீட்டுக்கு, இரண்டு ஜோடிகள்

ஆலப்புழாவுக்கு நாங்கள் இரண்டு முறை போனோம். முதல் முறை காசு போனது, இரண்டாம் முறைதான் படகு போனது. நான், என் மனைவி, காவேரிப்பட்டினத்து நண்பன், அவன் மனைவி, ஆக நான்கு பேர். திரும்பி வந்ததிலிருந்து "எப்படிப் போனீங்க, எவ்வளவு ஆச்சு" என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். பெட்டியில் என்ன எடுத்து வைப்பது, ரயில் டிக்கெட் செயலியில் கணக்கு தொடங்குவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் நான் போகவில்லை.

தொடங்கும் முன் ஒரே ஒரு நேரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மாலை 5.30.

படகு வீடு என்றால் ராத்திரி முழுக்க மிதந்துகொண்டே போகும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இல்லை. வேம்பநாட்டுக் காயலில் பொழுது சாய்ந்தால் மீனவர்கள் வலை விரிப்பார்கள். அதற்குள் குறுக்கே படகு ஓடினால் வலை போயிற்று. அதனால் ஐந்தரை மணிக்கெல்லாம் எல்லாப் படகு வீடுகளும் கரையோரம் ஒரு தென்னை மரத்தில் கயிறு கட்டி நின்றுவிட வேண்டும். பகல் 12 மணிக்கு ஏற்றி மறுநாள் காலை 9 மணிக்கு இறக்குவார்கள். விளம்பரத்தில் "21 மணி நேரம்" என்று போட்டிருப்பார்கள். சாப்பாட்டுக்கு நிறுத்துவதைக் கழித்தால் அதில் படகு ஓடுவது ஐந்து, ஐந்தரை மணி நேரம்தான். நீங்கள் தாமதமாகப் போகும் ஒவ்வொரு நிமிடமும் இந்த ஐந்தரை மணி நேரத்திலிருந்து கழியும். அவர்கள் இரவில் ஓட்டி ஈடுகட்ட மாட்டார்கள். ஆகவே திட்டம் முழுவதையும் 5.30-லிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள்.

படி 1: எப்போது போவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜூனில் அங்கே தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும், வாடகையும் இறங்கும். மழை பிடிக்கும் என்றால் போங்கள், எனக்கு வேண்டாம். ஆகஸ்டில் போகிறவர்கள் நேரு கோப்பைப் படகுப் போட்டி எந்தத் தேதி என்று பார்த்துவிடுங்கள். 1952-இல் நேரு வந்துபோனதிலிருந்து நடக்கும் போட்டி, பல வருடங்கள் ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை நடந்தது. சில வருடங்கள் தள்ளிப் போயிருக்கிறது. அன்றைக்குப் போட்டி நடக்கும் புன்னமடைப் பக்கம் ஊரே கூடியிருக்கும், நிம்மதியான சவாரிக்கு ஆகிற நாள் இல்லை.

நண்பனுக்கு மாங்கூழ் தொழில். மாம்பழ சீசனில் அவனைக் கூப்பிட்டால் அடிக்க வருவான். அதனால் முதலில் நவம்பர், அது சொதப்பிய பிறகு பொங்கல் கழிந்து தை மாதம்.

படி 2: ரயில் (இங்கேதான் நான் விழுந்தேன்)

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஊரில் ரயிலே கிடையாது. தர்மபுரியில் ரயில் நிலையம் உண்டு, ஆனால் நாம் பிடிக்க வேண்டிய வண்டி அந்தத் தடத்தில் வராது. சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பி ஆலப்புழா வரை நேராகப் போகும் 22639 விரைவு ரயிலைச் சேலத்தில் பிடிப்பதுதான் சுலபம். சேலத்துக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் வந்தது. காலை பதினொன்றுக்குள் ஆலப்புழா. பன்னிரண்டு மணிப் படகுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. நேரங்கள் மாறும், நீங்கள் போகும் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள் இருந்தது, பழைய நினைப்பில் தேட வேண்டாம்.

இனி நான் செய்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி கடையை மூடிவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். தேதி கேட்ட இடத்தில் வெள்ளிக்கிழமையைப் போட்டேன். நான்கு பேருக்கும் இடம் உறுதி, அதில் இரண்டு கீழ்ப் படுக்கை. எனக்கு ஒரே பெருமை.

சேலத்தில் ரயில் வந்தது, ஏறினோம். எங்கள் கீழ்ப் படுக்கையில் ஒரு பெரியவர் காது வரை போர்த்திக்கொண்டு தூங்குகிறார். தட்டி எழுப்பினேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே தன் டிக்கெட்டைக் காட்டினார். அதே பெட்டி, அதே எண். அதற்குள் டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார். என் போனை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், உங்க வண்டி நேத்து ராத்திரியே போயிடுச்சு."

நமக்குப் பொழுது விடிந்தால்தான் மறுநாள். ரயில்வேக்குப் பன்னிரண்டு அடித்தாலே மறுநாள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணி என்று நாம் சொல்வது அவர்கள் கணக்கில் சனிக்கிழமை. நான் எடுத்த வெள்ளிக்கிழமை டிக்கெட் வியாழன் இரவு வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டியவர்களுக்கானது. பெட்டிகளோடு இறங்கி பிளாட்பாரத்தில் நின்றோம். நண்பன் வாயே திறக்கவில்லை. அவன் மனைவிதான், "அண்ணா, கடைக் கணக்கும் இப்படித்தான் எழுதுவீங்களா?" என்றார்.

அப்புறம் கோவைக்குப் பஸ், கோவையிலிருந்து எர்ணாகுளத்துக்கு ஒன்று, அங்கிருந்து ஆலப்புழாவுக்கு இன்னொன்று. படகுத் துறையில் கால் வைக்கும்போது மணி மூன்று. ஐந்து மணி தாண்டியதும் கயிறு கட்டிவிட்டார்கள். முழு வாடகைக்கு இரண்டு மணி நேரச் சவாரி.

எனவே: டிக்கெட்டில் போட வேண்டியது நீங்கள் ஏறும் நிலையத்தில் அந்த ரயில் வந்து நிற்கும் தேதி. சென்னையில் கிளம்பிய தேதியும் அல்ல, நீங்கள் வீட்டைப் பூட்டிய தேதியும் அல்ல. வெள்ளி ராத்திரி கிளம்புகிறீர்களா, சனிக்கிழமை என்று போடுங்கள். பணம் கட்டும் முன் திரையில் வரும் புறப்படும் நேரத்தையும் தேதியையும் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் இப்போது மனைவி தலையாட்டாமல் நான் பணம் கட்டுவதில்லை. திரும்பும் ரயிலும் நடுராத்திரியை ஒட்டித்தான் சேலம் வரும். அதில் டிக்கெட் தேதி ஆலப்புழாவில் ஏறும் தேதி, குழப்பம் இல்லை. ஆனால் சேலத்துக்குக் கார் வரச் சொல்கிறவர்கள் டிரைவரிடம் கிழமையைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

செயலி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். டிக்கெட் எடுப்பது ஐஆர்சிடிசியிலேயே நேராக. நடுவில் இருக்கும் செயலிகள் மேல்கட்டணம் வாங்கிக்கொண்டு அதே டிக்கெட்டைத்தான் தருகின்றன. வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க மட்டும் 'வேர் இஸ் மை ட்ரெயின்'.

படி 3: சேலம் போய்ச் சேர்வது

தர்மபுரியிலிருந்து 65 கிலோமீட்டர் சொச்சம். ஒன்றரை மணி நேரம் போதும் என்று யாராவது சொன்னால் அவர் தொப்பூர் கணவாயை மறந்துவிட்டார். ஒரு லாரி அங்கே கவிழ்ந்தால் போதும். பத்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். காத்திருப்பது சேலம் ஜங்ஷனில் இருக்கட்டும், தொப்பூரில் வேண்டாம்.

படி 4: படகு பேசுவது

முதல் தடவை ஒரு இணையதளத்தில் படத்தைப் பார்த்துப் பிடித்தோம். வந்து நின்ற படகு படத்தில் இருந்ததற்குப் பெரியப்பா மாதிரி இருந்தது. இரண்டாம் தடவை படகு வைத்திருப்பவரிடமே போனில் பேசினேன். வீடியோ அழைப்பு போட்டுப் படகைக் காட்டச் சொன்னேன், குளியலறை உட்பட. காட்டத் தயங்குகிறவரை விட்டுவிடுங்கள். தமிழ் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

நான்கு பேருக்கு இரண்டு அறைப் படகு ஒன்றே போதும். ஒற்றை அறைப் படகு இரண்டு எடுத்தால் செலவும் கூடும், ராத்திரி அரட்டையும் போச்சு. எங்களுக்குச் சாப்பாடு சேர்த்து 14,000 ரூபாய் ஆனது. ஏசி எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று கேளுங்கள். சாதாரணப் படகுகளில் இரவு 9 முதல் காலை 6 வரைதான். எந்த வழியாகப் போகும், பெரிய காயலுக்குப் போகுமா, கரையோரமாகவே சுற்றிவிட்டு வந்துவிடுமா என்று கேளுங்கள். எந்தத் துறையில் ஏற்றுவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். புன்னமடையில் படகுப் போட்டி முடியும் இடத்தை 'ஃபினிஷிங் பாயின்ட்' என்பார்கள், பல படகுகள் அங்கேதான் ஏற்றுகின்றன. ரயில் நிலையம் கடற்கரைப் பக்கம், துறை ஊரின் அந்தப் பக்கம். ஆட்டோவில்தான் போக வேண்டும்.

உரிமமும் உயிர்காப்பு அங்கியும் கேட்க வெட்கப்படாதீர்கள். 2023 மே 7 அன்று இதே கேரளாவில் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள், இருட்டிய பிறகும் ஓட்டியிருந்தார்கள். ஒகேனக்கல்லில் அங்கி போடாமல் பரிசலில் ஏற விடமாட்டார்கள் அல்லவா, அந்தக் கண்டிப்பை இங்கே நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

படி 5: ஏறிய பிறகு

செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதற்குத்தானே போகிறோம். முன்பக்கத்துப் பிரம்பு நாற்காலியில் காலை நீட்டி உட்காருங்கள். இந்தப் படகுக்கு 'கெட்டுவள்ளம்' என்று பெயர், கட்டிய வள்ளம். ஆணி அடிக்காமல் ஆஞ்சிலி மரப் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் சேர்ப்பது பழைய முறை. ஒரு காலத்தில் இந்தக் காயலைச் சுற்றியுள்ள குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்கு ஏற்றிப் போன சரக்குப் படகுகள்தான் இப்போது நம்மை ஏற்றுகின்றன.

வாய்க்கால் பிரியும் இடத்தில் எழுந்து நின்று கரைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். வரப்புக்கு இந்தப் பக்கம் நம் படகு மிதக்கிறது, அந்தப் பக்கம் நெல் வயல் நம் காலுக்கும் கீழே பள்ளத்தில் கிடக்கிறது. குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கும் கீழே விவசாயம். வயலிலிருந்து தண்ணீரை மோட்டார் வைத்து வெளியே இறைத்து ஊற்றுகிறார்கள். "நாம ஆயிரம் அடி போர் போட்டு உள்ள இழுக்கறோம், இவங்க மோட்டார் வெச்சு வெளிய கொட்டறாங்க" என்று நண்பனின் மனைவி அந்தக் குழாயையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் வாயில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

நடுவில் ஒரு மீன்கடையில் நிறுத்துவார்கள். பெரிய கொஞ்சு இறாலைத் தூக்கிக் காட்டி விலை சொல்வார்கள். சொல்லும் விலையில் பாதிக்குக் கேளுங்கள், இல்லாவிட்டால் வாங்காதீர்கள். சாப்பாட்டிலேயே கரிமீன் வரும். பொடி முள், பொறுமை வேண்டும். மாலைக்கு நாங்கள் கொண்டுபோன நிப்பட்டுதான் (தட்டை மாதிரி) நன்றாகப் போனது, படகுக்காரரும் இரண்டு வாங்கிக்கொண்டார்.

கயிறு கட்டியதும் கொசு வரும். அதற்கு முன்பே கை கால்களில் களிம்பு தடவிவிடுங்கள். காலையில் சீக்கிரம் எழுந்தால் சின்னப் படகுக்குச் சொல்லிவைக்கலாம். படகு வீடு நுழைய முடியாத ஒடுக்கமான வாய்க்கால்களுக்குள் அதுதான் போகும். தனிக் காசு, ஆனால் எங்கள் நான்கு பேருக்கும் மொத்தப் பயணத்தில் பிடித்தது அந்த ஒரு மணி நேரம்தான். பாத்திரம் தேய்க்கும் சத்தம் தண்ணீர் மேல் நடந்து வருகிற மாதிரி கேட்கும்.

ஒன்பது மணிக்கு இறக்கிவிட்டால் பிற்பகல் ரயில் வரை என்ன செய்வது? கடற்கரைக்குப் போங்கள். 1862-இல் கட்டிய கடல் பாலத்தின் தூண்கள் துருப்பிடித்து இன்னும் நிற்கின்றன. ரயில் நிலையம் பக்கத்திலேயே.

பின்னால் சேர்த்தது

ஓசூரிலிருந்து ஒருவர் நடுராத்திரி ஏறப் பயமாக இருக்கிறது, குழந்தை இருக்கிறது என்று கேட்டிருந்தார். பெங்களூரு–எர்ணாகுளம் இன்டர்சிட்டி காலையில் ஓசூர், தர்மபுரி வழியாகவே போகிறது. மாலையில் எர்ணாகுளம், இரவு அங்கே தங்கல், காலையில் ஆலப்புழா. ஒரு நாள் கூடுதல், ஒரு அறை வாடகை கூடுதல். ஆனால் தேதிக் குழப்பமே வராது. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

வாந்தி வருமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். காயலில் பெரிய அலை கிடையாது. நம் ஏற்காடு வளைவுகளைத் தாங்கியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை.

படகு வாடகை கட்டுப்படியாகாது என்றவருக்கு: கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு ஆலப்புழாவிலிருந்து கோட்டயம் வரை இதே காயல் வழியாகப் போகிறது. பஸ் கட்டணம் மாதிரி சில்லறைதான். உட்கார மரப் பலகை, பக்கத்தில் மீன் கூடை. பார்க்கிற தண்ணீர் அதேதான்.

கடைசியாக எண்ணெய். எல்லாமே தேங்காய் எண்ணெயில் சமைப்பார்கள், பழகாதவர்களுக்கு இரண்டாம் வேளையில் முகம் சுளிக்கும். புரட்டாசியில் போகிற சைவக்காரர்கள் முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள், காய் வாங்கி வைப்பார்கள். எண்ணெய் ஒத்துக்கொள்ளாது என்றால் அரை லிட்டர் கடலை எண்ணெய் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு போய்ச் சமையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். நாங்கள் கொடுத்தோம். சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார். மீதியைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டோம்.